ஸ்ட்ரோலர் வாங்குமுன் உங்கள் வழியை அளந்துவிடுங்கள்

கடையில் டைல்ஸ் தரையில் எந்த ஸ்ட்ரோலரும் ஒரு விரலால் தள்ளினாலே ஓடும். வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வடிகால் மூடியைத் தாண்டும்போதும், காலடிப்பேட்டையில் இடுப்பில் குழந்தையோடு மூன்றாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறும்போதும்தான் அந்த வண்டியின் குணம் தெரியும். நல்ல கம்பெனி, நல்ல துணி, கணிசமான விலை எல்லாம் இருந்தும் பல வீடுகளில் வண்டி சில மாதங்களிலேயே கட்டிலுக்கடியில் போய்விடுகிறது. அந்த வீட்டுப் படிக்கும் அந்தத் தெருவுக்கும் அது ஒத்துவராததுதான் காரணம்.

ஆகவே மாடல் தேடுவதற்கு முன்னால் ஒரு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் அதிகம் போகப்போகிற வழி எது என்று முடிவு செய்யுங்கள். அம்மா வீடோ, மார்க்கெட்டோ, பூங்காவோ, ஏதோ ஒன்று. வீட்டுக்குள் வண்டி நிற்கப்போகிற மூலையில் தொடங்கி அந்த இடம் வரை நடந்து பாருங்கள். கதவின் அகலம், படிக்கட்டின் அகலம், படி திரும்புகிற இடம், சந்தில் பைக்குகளை நிறுத்திய பிறகு மிஞ்சும் இடைவெளி, இவ்வளவையும் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண ஒற்றை ஸ்ட்ரோலர் 45 முதல் 60 செ.மீ. அகலம் இருக்கும். பைக்குகளுக்கு நடுவே அவ்வளவு இடம் இல்லாத சந்து என்றால் விரித்த வண்டி அங்கே நுழையாது. தெருமுனை வரை மடித்துத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

படிகளையும் எண்ணுங்கள். அதைவிட முக்கியம், தினமும் தூக்கப்போவது யார் என்பது. ஞாயிற்றுக்கிழமை அப்பா தூக்குவதை வைத்து முடிவு எடுக்காதீர்கள். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வீட்டில் இருப்பது அம்மாவும் ஆயாவும்தான் என்றால், அவர்கள் கைக்குத்தான் எடை ஒத்துவர வேண்டும். ஆறு மாதக் குழந்தை ஏறக்குறைய ஏழரை கிலோ, ஒரு வயதில் ஒன்பது, ஒன்பதரை. அதோடு வண்டியின் எடையைக் கூட்டிப் பாருங்கள். குடை போல நீளவாக்கில் மடங்கும் அம்ப்ரெல்லா வகை 4 முதல் 5 கிலோ. மூன்றாக மடங்கிக் கைப்பெட்டி அளவுக்கு வரும் கேபின் வகை 6 முதல் 7. முழுதாகச் சாயும், பெரிய கூடை உள்ள வழக்கமான வண்டி 8 முதல் 12. சிசேரியன் ஆனவர்கள் முதல் ஆறு வாரம் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்றுதான் டாக்டர்கள் வழக்கமாகச் சொல்வார்கள். லிஃப்ட் இல்லாத முதல் மாடிக்கு மேல் குடியிருந்தால் 7 கிலோவைத் தாண்டாதீர்கள் என்பது எங்கள் கருத்து. இதில் விட்டுக்கொடுத்தால் மற்ற வசதிகள் எல்லாம் வீண்.

ஆனால் எடை குறைந்தால் சக்கரமும் சிறுத்துவிடும். வடசென்னையில் ஸ்ட்ரோலர் தேர்வு சிக்கலாவதற்கு முழுக் காரணமும் இந்த இழுபறிதான். படிக்கு லேசான வண்டி வேண்டும், தெருவுக்குப் பெரிய சக்கரம் வேண்டும்.

சக்கரத்தின் கணக்கைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறோம், ஏனென்றால் கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். முன் சக்கரங்கள் மேல் 6 கிலோ பாரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே 2 செ.மீ. உயரத்தில் ஒரு ஸ்லாப் விளிம்பு. நின்ற நிலையிலிருந்து நேராகத் தள்ளி அதில் ஏற, 12.5 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்துக்கு ஏறக்குறைய ஆறரை கிலோ அளவுக்குத் தள்ள வேண்டும். 20 செ.மீ. சக்கரத்துக்கு நாலரை கிலோ போதும், 30 செ.மீ. சக்கரத்துக்கு மூன்றரை. அதாவது சின்னச் சக்கரம் தன்மேல் இருக்கிற பாரத்தைவிடக் கூடுதலான தள்ளு கேட்கிறது. அதனால்தான் அது மேட்டில் முட்டி டக்கென்று நிற்கிறது, குழந்தை முன்னால் குலுங்குகிறது, பெல்ட் போடாமல் இருந்தால் சரிந்துவிடுகிறது. வழியில் வடிகால் ஸ்லாப்பும் தோண்டி மூடிய பள்ளமும் அதிகம் என்றால் முன் சக்கரம் 15 செ.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். சின்னச் சக்கர வண்டிதான் வாங்க முடியும் என்றால் ஒரு பழக்கம் வேண்டும். மேட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்று கைப்பிடியை லேசாகக் கீழே அழுத்துங்கள். முன் சக்கரம் தூக்கிக்கொள்ளும். ஸ்லாப் மேல் வைத்துவிட்டுப் பின் சக்கரத்தைத் தள்ளி ஏற்றுங்கள். இறங்கும்போது திரும்பி நின்று பின் சக்கரத்தை முதலில் இறக்குங்கள்.

ஸ்லாப்புகளுக்கு நடுவே இருக்கும் இடுக்கு இன்னொரு தொல்லை. நீங்கள் போகும் திசையிலேயே இடுக்கும் ஓடினால் ஒல்லியான சக்கரம் அதற்குள் இறங்கிச் சிக்கிக்கொள்ளும். இடுக்கைச் சற்றுக் குறுக்காகக் கடந்தால் ஒரு நேரத்தில் ஒரு சக்கரம்தான் அதன்மேல் வரும். முன்னால் இரட்டைச் சக்கரமாக உள்ள வண்டிகள் நெரிசலான கடைக்குள் நன்றாகத் திரும்பும். ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவில் கல்லும் முடியும் நூலும் மாட்டிக்கொள்வதால் அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும்.

எதனால் செய்த சக்கரம் என்றும் கேளுங்கள். கெட்டி பிளாஸ்டிக் சக்கரம் கடகடவென்று சத்தம் போடும், சிமெண்ட் ரோட்டில் சீக்கிரம் தேயும். ஈவிஏ ஃபோம் லேசானது, பஞ்சர் ஆகாது, ஆனால் கூரான கல் பட்டால் துண்டு துண்டாகப் பெயரும். பாலியூரித்தேன் ரப்பர் நீண்ட நாள் வரும், எடை கொஞ்சம் கூடும். காற்றடிக்கும் டயர் பள்ளத்தை எல்லாவற்றையும்விட நன்றாகத் தாங்கும். பஞ்சர் ஆனால் தெருமுனை சைக்கிள் கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இந்த டயர் போட்ட மூன்று சக்கர ஜாகர் வண்டி பத்து கிலோவுக்கு மேல் போகும். தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே அது சரி.

அடுத்து வயது. பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. பாதி சாய்ந்த இருக்கையில் தூங்கினால் தலை முன்னால் விழுந்து, தாடை நெஞ்சில் பட்டு, மூச்சுக்குழாய் மடங்கும் ஆபத்து உண்டு. ஐரோப்பாவின் இஎன் 1888 தர விதி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கான இருக்கை குறைந்தது 150 டிகிரி விரிய வேண்டும் என்கிறது. சாய்மானம் உண்டு என்று பெட்டியில் போட்டிருந்தால் போதாது. விரித்துப் பார்த்தால் கிட்டத்தட்டப் படுக்கையாக இருக்க வேண்டும். பெரும்பாலான அம்ப்ரெல்லா வண்டிகள் இந்த அளவுக்குச் சாயாது. அவை ஆறு மாதத்துக்கு மேல், குழந்தை தானாக உட்காரத் தொடங்கியபின்தான்.

இதில் அவசரம் தேவையில்லை. அரசுத் தடுப்பூசி அட்டவணைப்படி பிறந்தபின் 6, 10, 14 வாரங்களில் ஊசி. அடுத்தது ஒன்பதாம் மாதம்தான். முதல் நான்கு மாதத்தில் கைக்குழந்தையோடு வெளியே போக வேண்டிய கட்டாயம் அவ்வளவுதான். அந்தப் பயணங்களுக்கு மடியும் ஆட்டோவும் போதும் என்று நினைப்பவர்கள் ஆறாம் மாதம் வரை காத்திருந்து, லேசான வண்டி ஒன்றை மட்டும் வாங்கலாம். பலருக்கு இதுதான் சிக்கனமான வழி. பிறந்த நாளிலிருந்தே வேண்டும் என்றால் முழுதாகப் படுக்கையாகும் வண்டியை வாங்குங்கள். எதுவானாலும் வண்டியில் தூங்கிய குழந்தையை வீடு வந்ததும் எடுத்துச் சமமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். ‘கலைந்துவிடுமே’ என்று ஸ்ட்ரோலரிலேயே விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போகாதீர்கள்.

பெல்ட் ஐந்து முனை பெல்ட்டாகத்தான் இருக்க வேண்டும்: தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, கால்களுக்கு நடுவே ஒன்று. இடுப்புக்கு மட்டும் பெல்ட் உள்ள வண்டியில் குழந்தை எழுந்து நிற்கும், அல்லது கீழ்ப்பக்கமாக வழுக்கும். தோள்பட்டி குழந்தையின் தோள் மட்டத்திலோ சற்று மேலோ வெளிவர வேண்டும். கட்டியபின் உங்கள் இரண்டு விரல் நுழையும் இறுக்கம் சரி. பக்கிள் குழந்தை கைக்குத் திறக்காத அளவு கடினமாகவும், அவசரத்தில் நீங்கள் ஒரு கையால் திறக்கிற மாதிரியும் இருக்கிறதா பாருங்கள். பிரேக் ஒரு மிதியில் இரண்டு பின் சக்கரத்தையும் பூட்டுவது நல்லது. தனித்தனி மிதி என்றால் அவசரத்தில் ஒன்றை மறந்துவிடுவோம்.

மடக்கும் மூட்டுகள் தனிக் கவனம் கேட்பவை. இன்று எல்லோரும் வாங்கும் அம்ப்ரெல்லா ஸ்ட்ரோலர் 1965-ல் ஓவன் மக்லாரன் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தது. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரத் தாங்கிகளை வடிவமைத்தவர்களில் ஒருவர் அவர். அலுமினியக் குழாய்களைக் கத்தரி போல மடங்க வைத்ததுதான் அவருடைய யோசனை. அதே மூட்டில்தான் ஆபத்தும் இருந்தது. 2009 நவம்பரில் அமெரிக்காவில் அந்தக் கம்பெனியின் ஏறக்குறைய பத்து லட்சம் வண்டிகள் திரும்பப் பெறப்பட்டன; விரித்து மடக்கும்போது மூட்டில் சிக்கிக் குழந்தைகளின் விரல்நுனி துண்டானதாக 12 புகார்கள் வந்திருந்தன. எனவே பக்கவாட்டு மூட்டுகளுக்கு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். எந்த வண்டியானாலும் குழந்தையைத் தள்ளி நிறுத்திவிட்டு விரியுங்கள், மடியுங்கள். விரித்தபின் பூட்டு இரண்டு பக்கமும் ‘கிளிக்’ என்று விழுந்ததா என்று கேட்டு, கைப்பிடியை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் குழந்தையை உட்கார வைக்க வேண்டும்.

நடுத்தர விலை வண்டிகளில் கைப்பிடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றலாம் என்பதைப் பெரிய வசதியாகச் சொல்வார்கள். குழந்தை முகத்தைப் பார்த்தபடி தள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் கைப்பிடியை மாற்றியதும் சுழலும் சக்கரம் உங்கள் பக்கம் வந்துவிடும், திரும்பாத சக்கரம் முன்னால் போய்விடும். அதன்பின் வண்டி சொன்ன பேச்சு கேட்காது, சந்தில் திருப்பவே முடியாது. முகம் பார்த்துத் தள்ள வேண்டுமானால் இருக்கையையே கழற்றித் திருப்பும் வகை வேண்டும். அது விலையும் எடையும் கூடியது. எங்களைக் கேட்டால், கைப்பிடி மாறுவதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

இரட்டைக் குழந்தை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் வண்டி 75 செ.மீ. அகலத்தை ஒட்டி வரும். கதவை அளக்காமல் வாங்காதீர்கள். முன்னும் பின்னுமாக உட்காரும் வண்டி சந்தில் நுழையும், ஆனால் மேட்டில் முன்பக்கத்தைத் தூக்குவது கடினம்.

இந்த ஊர்க் காற்றையும் வெயிலையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். டி.எச். ரோடு எனப்படும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் கன்டெய்னர் லாரி ஓயாது. ஸ்ட்ரோலரில் குழந்தை மூச்சு விடும் உயரம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் கீழே, வண்டிகள் புகை விடும் மட்டத்தில். பெரியவர்களைவிட 60 சதவீதம் வரை கூடுதலான மாசை இந்தக் குழந்தைகள் சுவாசிக்கக்கூடும் என்று இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் எழுதினார்கள். ஆகவே இருக்கை உயரமாக இருப்பது நல்லது. சிக்னலில் ரோட்டை ஒட்டி வண்டியை நிறுத்தாமல் நாலடி பின்னால் நில்லுங்கள். பத்து நிமிடம் கூடினாலும் உள்தெரு வழியாகவே போங்கள்.

வெயிலுக்கு மேற்கூரை ஆழமாக, நெற்றிக்கும் முன்னால் நீள்வதாக இருக்கட்டும். முதுகுப் பக்கம் வலைத்துணி இருந்தால் காற்று போகும். கறுப்புத் துணியும் இரும்பு பக்கிளும் சித்திரை வெயிலில் சுடும். குழந்தையை வைக்குமுன் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். வெயிலுக்காகத் துண்டையோ துப்பட்டாவையோ மேலே போர்த்தி மூடாதீர்கள். மெல்லிய துணியானாலும் காற்று அடைபட்டு உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போகும், குழந்தை வாடுவதும் வெளியே தெரியாது. பிளாஸ்டிக் மழை உறைக்கும் இதே பேச்சுதான், மழை நின்றதும் கழற்றிவிடுங்கள். பக்கிங்காம் கால்வாய் ஓரம் இருப்பவர்களுக்குக் கொசுவலை கட்டாயம். எலாஸ்டிக் வைத்து வண்டியை முழுதாகச் சுற்றி வருவதாகப் பாருங்கள்.

பஸ், ரயில் பழக்கத்தையும் கணக்கில் எடுங்கள். மெட்ரோவில் போகிற குடும்பத்துக்குப் பெரிய வண்டியும் சரிவரும். 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரை வந்த ரயில், 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்டது. நிலையங்களில் லிஃப்ட் உண்டு, அகலமான வாசலும் உண்டு. உங்கள் நிலையத்தில் லிஃப்ட் எந்தப் பக்க வாசலில் என்று முன்பே பார்த்து வையுங்கள். எஸ்கலேட்டரில் ஸ்ட்ரோலரை ஏற்றாதீர்கள். கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயில் என்றால் கதை வேறு. பிளாட்பாரம் மாற நடைமேம்பாலப் படி ஏற வேண்டியிருக்கும், ரயில் நிற்பதும் சில நொடிதான். அங்கே ஒரு கையால் மடங்கி, தோளில் மாட்ட வார் உள்ள கேபின் வகைதான் கைகொடுக்கும். ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் அதேதான். அம்ப்ரெல்லா வண்டி எடை குறைவானாலும் மடித்தபின் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளக் கம்பாக நிற்கும், பக்கத்தில் உட்கார்ந்தவர் காலில் இடிக்கும். தனி ஆட்டோவில் காலடியில் குறுக்கே வைத்துக்கொள்ளலாம்.

கோயில் அல்லது மால் என்று போகும் வழக்கத்தில் கூடையின் அளவும் முக்கியமாகத் தோன்றும். பெரும்பாலான கூடைகள் தாங்குவது இரண்டு மூன்று கிலோ. காய்கறிப் பையைக் கைப்பிடியில் தொங்கவிடாதீர்கள். குழந்தையை எடுத்த கணமே பையின் பாரத்தில் வண்டி பின்னால் சாயும். குழந்தை உள்ளே இருக்கும்போது சாய்ந்தால் தலை அடிபடும்.

கடையில் சோதிக்கும்போது வெறும் வண்டியைத் தள்ளாதீர்கள். பத்து கிலோ அரிசி மூட்டையோ இரண்டு ஐந்து லிட்டர் தண்ணீர் கேனோ கேட்டு இருக்கையில் வைத்துப் பெல்ட் போடுங்கள். டைல்ஸ் கோட்டை ஒட்டி நேராக ஒரு தள்ளு தள்ளிக் கைவிடுங்கள். மூன்று மீட்டருக்குள் கோட்டைவிட்டு நன்றாக விலகினால் சட்டம் கோணல். ஒரு கையால் எட்டுப் போட்டுப் பாருங்கள். கடை வாசல் சரிவில் பிரேக் போட்டு விடுங்கள், நகரக் கூடாது. வீட்டில் உயரமானவரும் குள்ளமானவரும் இருவரும் தள்ளட்டும். கைப்பிடி முழங்கை மட்டத்துக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். உயரமானவர் வேகமாக நடந்தால் பின் அச்சில் கால் இடிக்கிறதா என்று பாருங்கள், அம்ப்ரெல்லா வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும். கடைசியாக, மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் மடித்து, ஒரு மாடிப்படி ஏறி இறங்குங்கள். இந்த ஒரு சோதனையிலேயே பாதி மாடல்கள் கழிந்துவிடும்.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்கள் உப்புக்காற்றையும் நினைவில் வைக்க வேண்டும். அலுமினியச் சட்டமானாலும் அதில் அடித்திருக்கும் ரிவெட்டும் ஸ்பிரிங்கும் இரும்பாக இருக்கலாம். இரண்டு உலோகம் சேருமிடத்தில் உப்பு ஈரம் பட்டால் அரிப்பு இன்னும் வேகமாகும். கடற்கரை மணலில் உருட்டிய அன்றைக்கே முன் சக்கரத்தைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். தேங்காய் எண்ணெய், மெஷின் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெயில் மணல் ஒட்டிக் கூழாகி அச்சைத் தின்னும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சிலிகான் ஸ்பிரே போதும். ஐப்பசி, கார்த்திகையில் தேங்கிய தண்ணீருக்குள் தள்ளிப்போக நேர்ந்தாலும் இதேதான். துணி உறையையும் கழற்றித் துவைக்க வேண்டும். உறை கழலாத வண்டியை வாங்காமலிருப்பது நல்லது.

இனி விலை. எளிய அம்ப்ரெல்லா வண்டி இரண்டாயிரம் மூவாயிரத்தில் தொடங்கும். முழுதாகச் சாயும் வழக்கமான வண்டி நாலாயிரத்திலிருந்து எட்டாயிரம். நல்ல கேபின் வகை எட்டாயிரத்தைத் தாண்டும். பட்ஜெட் சிறியது என்றால், பொம்மைத் தட்டும் பாட்டுப் பெட்டியும் வைத்த புது வண்டியைவிடச் சுத்தமாக வைத்திருந்த ஒரு பழைய வண்டி மேல். பழையது வாங்கும்போது பெல்ட்டை இஞ்ச் இஞ்சாகத் தடவிப் பாருங்கள். பிய்ந்திருந்தால் வேண்டாம். பெல்ட்டைத் தையற்கடையில் ஒட்டுப் போட்டு ஓட்டக் கூடாது. மேற்கூரையும் கூடையும் கிழிந்திருந்தால் தைத்துக்கொள்ளலாம். சட்டத்தை இரண்டு கையால் முறுக்கிப் பாருங்கள், மூட்டு ஆடினால் விட்டுவிடுங்கள். ரிவெட்டைச் சுற்றிப் பழுப்புக் கறை, குழாயில் விரிசல், ஒரு பக்கம் மட்டும் விழும் பூட்டு, இவற்றில் ஒன்று இருந்தாலும் பேரம் பேச வேண்டாம். முதலில் போவது எப்போதும் முன் சக்கரம்தான். மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு அந்தக் கம்பெனியிடம் முன் சக்கரம் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.